கம்பெனி கேட்டுக்கு உள்ளே போகும் வழி: வடசென்னைச் சிறுதொழில்காரர்களுக்கு

கொருக்குப்பேட்டையில் பதினான்கு தையல் இயந்திரங்கள் ஓடும் ஒரு யூனிட் நடத்துகிறேன். தொழிற்சாலைத் தொழிலாளர்கள் உடுத்தும் வேலை உடை, ஏப்ரன், பாய்லர் சூட் இவைதாம் எங்கள் சரக்கு. மாதத்துக்கு இரண்டு பேராவது தேடி வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். லேத் பட்டறை வைத்திருப்பவர், அட்டைப்பெட்டி செய்பவர், கேன்டீனுக்கு மசாலா அரைத்துக் கொடுக்கும் மகளிர் குழு என்று யார் வந்தாலும், "பெரிய கம்பெனிக்குச் சரக்குக் கொடுக்க யாரைப் பிடிக்க வேண்டும்?" என்றுதான் ஆரம்பம்.

ஆளைப் பிடித்து உள்ளே போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் மாறுதலாகிப் போனதும் அவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். பிடிக்க வேண்டியது காகிதத்தை. இன்று பெரிய நிறுவனங்கள் 'பன்முகத்தன்மை' என்று ஒரு சொல்லை அடிக்கடி சொல்கின்றன. வேலைக்கு யார் யாரை வைத்திருக்கிறோம், யாருக்கு விற்கிறோம், யாரிடம் வாங்குகிறோம் என்ற மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். மேடையில் அது அலங்காரச் சொல். கொள்முதல் பிரிவின் மேசையில் அது நிரப்பப்பட வேண்டிய ஒரு கட்டம். அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது, அதில் உங்கள் பெயர் எப்படி ஏறும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிறுவனத்தைத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள்

நம் பக்கத்தில் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. மணலியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை, மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு, பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். இந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஒரு பக்கம், தனியார் மறுபக்கம். முதல் பக்கத்தில் உங்களுக்குச் சட்டப்படி ஓர் இடம் உண்டு. இரண்டாம் பக்கத்தில் அவர்களுடைய விருப்பமும் உங்கள் சரக்கின் தேவையும்தான் பேசும். இரண்டுக்கும் ஒரே கடிதத்தை நகல் எடுத்து அனுப்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

பொதுத்துறைக்கான விதி 2012-ம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை ஆணையில் இருக்கிறது. இன்றைய நிலையில், ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு. 3 சதவீதம் பெண்களுக்கு. இந்த 3 சதவீதம் 2018-ல் சேர்ந்தது. அதோடு 358 பொருள்களைக் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று தனிப்பட்டியலும் உண்டு. வாளியிலிருந்து கையுறைவரை அதில் இருக்கின்றன. உங்கள் சரக்கு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். பல வருடமாகத் தொழில் செய்கிறவர்கள்கூட அந்த அரை மணி நேரத்தைச் செலவழித்ததில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன். இந்த சதவீதங்கள் ஆண்டு முழுவதற்குமான இலக்கு. ஒவ்வொரு டெண்டரிலும் உங்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டுக் காத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

தனியார் நிறுவனத்தின் அறிக்கையைப் படியுங்கள்

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ளவை 2022-23 நிதியாண்டிலிருந்து 'வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை' வெளியிட வேண்டும் என்பது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. பி.ஆர்.எஸ்.ஆர். என்பார்கள். ஆண்டறிக்கைக்குள்ளேயே இருக்கும், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கண்ணைக் கவரும் படங்கள் உள்ள பக்கங்களைத் தாண்டி அட்டவணைகள் தொடங்கும் இடத்துக்குப் போங்கள்.

அங்கே மூன்று இடங்களில் கோடு போடுங்கள். முதலாவது, ஊழியர், தொழிலாளர் எண்ணிக்கை. ஆண், பெண் என்றும், நிரந்தரம், நிரந்தரம் அல்லாதவர் என்றும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வரிசை. மொத்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பெண்கள் நிரந்தர வரிசையில் இருக்கிறார்களா, ஒப்பந்த வரிசையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த நிறுவனத்தின் பேச்சுக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் அந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவே தெரியும். இரண்டாவது, உள்ளீட்டுப் பொருள்களில் எத்தனை சதவீதம் சிறு நிறுவனங்களிடமிருந்து நேரடியாக வாங்கினார்கள் என்ற கட்டம். மூன்றாவது, எட்டாவது கோட்பாட்டின் கீழ் வரும் ஒரு கேள்வி: விளிம்புநிலைப் பிரிவினரிடம் வாங்குவதற்கு முன்னுரிமைக் கொள்கை உண்டா, எந்தப் பிரிவினரிடம் வாங்குகிறீர்கள், மொத்தக் கொள்முதலில் அது எவ்வளவு?

இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்வது கட்டாயமில்லை. அதனால் சில நிறுவனங்கள் அதைத் தொடுவதே இல்லை. சில 'இல்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அதுவும் உங்களுக்குச் செய்திதான். 'கொள்கை உருவாக்கத்தில் உள்ளது' என்று எழுதியிருக்கும் நிறுவனத்துக்குத்தான் நான் முதல் கடிதம் எழுதுவேன். அடுத்த ஆண்டு அறிக்கையில் காட்ட அவர்களுக்கு யாராவது ஒருவர் வேண்டும்.

பதிவு: ஒரு எண் பிசகினால்

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லாமல் எதுவும் நகராது. அரசு இணையதளத்தில் ஆதார், பான் எண்களைக் கொண்டு நீங்களே செய்துகொள்ளலாம்; கட்டணம் கிடையாது. கடைத்தெருவில் பலகை வைத்து இதற்குப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் போனால் போகிறது, அவர்கள் போடும் தொழில் குறியீடுதான் ஆபத்து. ஆடை தயாரிப்பு 14 என்ற பிரிவில் வரும்; சில்லறை வணிகம் 47. எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, கைத்தறிப் பை தைப்பவர், தன் பதிவில் 47 போடப்பட்டிருந்ததை இரண்டு வருடம் கழித்துத்தான் பார்த்தார். வணிகராகப் பதிவானவருக்கு வங்கிக் கடனில் முன்னுரிமை கிடைக்கும். நான் மேலே சொன்ன கொள்முதல் சலுகையும், கடைசியில் சொல்லப்போகும் 45 நாள் பாதுகாப்பும் கிடைக்காது. திருத்தம் செய்ய வசதி உண்டு. இன்றே உங்கள் சான்றிதழை எடுத்து அந்த எண்ணைப் பாருங்கள்.

இந்தியாவில் பெண் நடத்தும் நிறுவனம் என்றால், தனியுரிமையாக இருந்தால் உரிமையாளர் பெண்ணாக இருக்க வேண்டும். கூட்டாண்மையாகவோ தனியார் லிமிடெட்டாகவோ இருந்தால் குறைந்தது 51 சதவீதப் பங்கு பெண்கள் கையில் இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனங்களுக்கும் அதே 51 சதவீதக் கணக்கு. சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கட்டும். தலைப்பெழுத்து முன்னால், பின்னால் என்று மாறியதற்காகவே விண்ணப்பம் திரும்பி வந்ததுண்டு.

மனைவி பெயரில் நிறுவனம், கையெழுத்தும் கணக்கும் கணவரிடம் என்று நடப்பது ஊரறிந்த விஷயம். நேரில் ஆய்வுக்கு வரும்போது உரிமையாளரைத்தான் கேள்வி கேட்பார்கள். ஒரு மீட்டர் துணியின் விலை என்ன, போன மாதம் எத்தனை உருப்படி போனது, எத்தனை திரும்பி வந்தது என்று கேட்கும்போது அந்தப் பெண் சுவரைப் பார்த்தால், அன்றோடு கதை முடிந்தது. பெயர் கொடுத்த பெண்ணுக்குத் தொழிலையும் கொடுத்துவிடுங்கள், அதுதான் எளிது.

சந்தேகங்களுக்குக் கிண்டியில் உள்ள மாவட்டத் தொழில் மைய அலுவலகம் இருக்கிறது. முன்பெல்லாம் தண்டையார்பேட்டையிலிருந்து கிண்டி போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். இப்போது விம்கோ நகரில் மெட்ரோ ரயில் ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்: பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 சதவீத மானியம், உச்ச வரம்பு 1.5 கோடி ரூபாய், கடன் வட்டியில் 6 சதவீதச் சலுகை.

விலைப்புள்ளி போடும் நாள்

பொதுத்துறைக் கொள்முதலில் பெரும்பகுதி அரசின் மின்சந்தையான ஜெம் இணையதளம் வழியாக நடக்கிறது. ரயில்வேக்குத் தனி மின்கொள்முதல் தளம் உண்டு. உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு டெண்டர் படிவம் இலவசம். டெண்டரோடு சேர்த்துக் கட்டும் முன்வைப்புத் தொகையும் (இ.எம்.டி.) கட்ட வேண்டாம். ஆர்டர் கிடைத்த பிறகு கேட்கும் காப்புத்தொகை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கையில் பணமில்லாமல் திண்டாடியவர்கள் உண்டு.

விலையில் ஒரு சலுகை இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டே சொல்கிறேன். 1,000 பாய்லர் சூட்டுக்கு டெண்டர். சிறு நிறுவனம் அல்லாத ஒரு பெரிய கம்பெனி ஒன்றுக்கு 1,000 ரூபாய் என்று போட்டு முதலிடம் பிடிக்கிறது. நீங்கள் 1,120 போட்டிருக்கிறீர்கள். மிகக் குறைந்த விலையிலிருந்து 15 சதவீதத்துக்குள், அதாவது 1,150-க்குள் இருப்பதால், அவர்கள் விலைக்கு நீங்களும் இறங்கி வரச் சம்மதித்தால் ஆர்டரைப் பிரிக்கக்கூடிய இடத்தில் 25 சதவீதம், அதாவது 250 உருப்படி உங்களுக்கு வரும். முதலிடம் பிடித்தவரே குறு, சிறு நிறுவனமாக இருந்தால் இந்தச் சலுகைக்கு வேலையில்லை.

கேட்க இனிக்கும். ஆனால் 1,120 போட்ட நீங்கள் 1,000-க்கு இறங்க முடியுமா? அந்த 1,000 ரூபாயில் துணி எவ்வளவு, நூல், ஜிப் எவ்வளவு, கூலி எவ்வளவு, கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பது விலை போடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். என் முதல் ஆர்டரில் அந்தக் கணக்கை ஆர்டர் வந்த பிறகு போட்டேன். 250 உருப்படியும் கொடுத்து முடித்தபோது கையில் மிச்சமிருந்தது வெட்டுத்துணிதான். அதை வைத்து அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பென்சில் பை தைத்துக் கொடுத்தோம்.

ஒரு பெண்ணின் சட்டைக்கை

தொழிலாளர், வாடிக்கையாளர், சரக்குக் கொடுப்பவர் என்று அறிக்கையில் மூன்று தனித்தனி அத்தியாயங்களாக இருப்பவை உண்மையில் எங்கே ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன என்பதை எனக்குக் காட்டியது ஒரு சட்டைக்கை.

ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் பல வருடமாக ஆண்கள் அளவில் பாய்லர் சூட் கொடுத்துவந்தோம். அந்த வருடம் அவர்கள் முதல் முறையாகப் பெண் பயிற்சியாளர்களை எடுத்திருந்தார்கள். சலானில் முத்திரை வாங்க ஸ்டோருக்குப் போனபோது, பயிற்சிக்கூடத்தின் வழியே நடந்தேன். லேத் அருகே ஒரு பெண் நின்றிருந்தாள், பத்தொன்பது வயதிருக்கும். நாங்கள் தைத்த 38 அளவுதான். தோள்பட்டைத் தையல் முழங்கைக்குப் பாதி தூரம் இறங்கியிருந்தது. கையை மூன்று மடிப்பாகச் சுருட்டி, சேஃப்டி பின் குத்தியிருந்தாள். சுற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொளதொளத் துணி என்ன செய்யும் என்று அந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அளவு சரியில்லையே, யாரிடமாவது சொன்னாயா?" என்றேன்.

"சொன்னோம் அக்கா. இதுதான் இருக்கிறதாம்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கை பரவாயில்லை, சமாளித்துவிடுகிறோம். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் மொத்தத்தையும் கழற்ற வேண்டியிருக்கிறது. அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டோம்."

எட்டு மணி நேர ஷிஃப்ட். கூரைத் தகரத்தின் கீழே, மே மாதம். இத்தனை வருடம் இந்த உடையைத் தைத்த எனக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

அன்று இரவே எங்கள் கட்டிங் மாஸ்டரும் நானும் உட்கார்ந்து, மேல்சட்டையும் கால்சட்டையுமாக இரண்டு துண்டாக ஒரு மாதிரி வெட்டினோம். இடுப்புப் பட்டியில் பின்பக்கம் எலாஸ்டிக், மணிக்கட்டில் அழுத்து பொத்தான், தோள்பட்டை 14 அங்குலத்திலிருந்து. கொள்முதல் அலுவலர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் அவர்கள் கணினியில் வேலை உடைக்கு ஒரே ஒரு பொருள் குறியீடுதான் இருந்தது. இரண்டாவது குறியீட்டைத் திறக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் அந்தப் பெண்கள் எதை உடுத்தினார்கள் என்று கேட்காதீர்கள்.

குறியீடு திறந்த பிறகு அந்தச் சரக்குக்கு எங்களோடு விலையில் போட்டி போட ஆளில்லை. சதவீதக் கட்டம் உங்களை வாசல்வரை கொண்டுவிடும். அவர்களுடைய தளத்தில் யார் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு எது குத்துகிறது, எது தடுக்குகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அடுத்த ஆர்டர் வரும். சரக்கு இறக்கப் போகும்போது கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்து, கீழே நிற்பவர்கள் ஒடியாவிலும் இந்தியிலும் பேசிக்கொண்டிருந்தால், பலகை எழுதும் தொழில் செய்பவருக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

உங்கள் யூனிட்டையும் பார்க்க வருவார்கள்

சரக்குக் கொடுப்பவராகச் சேர்க்கும் முன் ஆய்வுக்கு ஆள் அனுப்புவார்கள். பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனால் பி.எஃப்., சம்பளப் பதிவேடு, வயதுச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். தீயணைப்புக் குடுவையின் காலாவதி தேதியைப் பார்ப்பார்கள். எங்கள் பின்வாசலை அடைத்து எம்.சி. ரோட்டிலிருந்து வந்த துணி பேல்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, வந்தவர் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டார். ஒரு மாதம் தள்ளிப்போனது.

பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். 2013-ம் ஆண்டுச் சட்டம் அது. குடும்பம்போல நடத்துகிறோம், இதெல்லாம் எதற்கு என்று சொல்லிப் பார்ப்பவர்கள் உண்டு. குழுவின் பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்.

வேலைக்கு ஆள் எடுப்பதில் எங்களுக்கு நேர்ந்த நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும். காது கேளாத ஒருவர் ஓவர்லாக் இயந்திரத்தில் இருக்கிறார். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் மேசை விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவோம். அவ்வளவுதான் நாங்கள் செய்த ஏற்பாடு. பேச்சுச் சத்தத்தில் கவனம் சிதறாததாலோ என்னவோ, திரும்பி வரும் உருப்படிகளில் அவர் தையல் இருந்ததே இல்லை.

ஆள் வகை வகையாக இருந்தால் ஒற்றுமை தானாக வந்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். இந்தப் பக்கத்துக்கு அது தெரியும். இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களில் ஒன்றான மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் 1918-ல் பெரம்பூர் பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் (பி அண்ட் சி) பஞ்சாலைத் தொழிலாளர்களைக் கொண்டு தொடங்கியது. மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமும் நிற்க, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. ஒரே கூரையின் கீழே நூல் நூற்றவர்கள்தாம் அவர்கள். என் யூனிட்டில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதை நான் மதியம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது அதனால்தான்.

பணம் கைக்கு வரும்வரை

சரக்கைக் குட்டியானையில் ஏற்றி அனுப்பும்போது சலான் மூன்று நகல் போகட்டும். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் வண்டி திரும்பக்கூடாது. கேட்டில் போடும் முத்திரை போதாது, ஸ்டோர் முத்திரை வேண்டும். காரணம், 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம். சரக்கு வாங்கிய 15 நாளுக்குள் எழுத்துமூலம் குறை சொல்லாவிட்டால், இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். அதிலிருந்து, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு உண்டு. நடுத்தர நிறுவனத்துக்கு இல்லை.

வராத பணத்துக்கு மத்திய அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம்; அது இந்தத் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் குழுவுக்குப் போகும். குழு உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, எதிர்த்தரப்பு நீதிமன்றம் போக நினைத்தால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். ஆனால் புகார் போட்ட பிறகு அதே கம்பெனியோடு வியாபாரம் தொடர்வது கடினம். அதனால் கடைசிப் படியாகவே வைத்திருங்கள். ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் ட்ரெட்ஸ் எனப்படும் பில் தள்ளுபடித் தளங்களில் சேர வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. பில்லை அங்கே ஏற்றி, நிறுவனம் ஏற்பு கொடுத்துவிட்டால், வங்கி சிறு தொகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை உடனே தந்துவிடும். பிறகு வசூலிப்பது வங்கியின் பாடு.

ஒரு முறை ஒரு நிறுவனம் 112 நாள் ஆகியும் எனக்குப் பணம் தரவில்லை. கொள்முதல் பிரிவில் கேட்டால் கணக்குப் பிரிவைக் காட்டுவார்கள்; கணக்குப் பிரிவில் கேட்டால் கையெழுத்துப் போடுபவர் விடுப்பில் இருப்பார். எங்கள் பக்கத்து ஆடிட்டர் ஒரு வழி சொன்னார். வருமான வரிச் சட்டத்தில் 2023-ல் சேர்த்த ஒரு விதிப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய நாளைத் தாண்டி நிலுவை வைத்த தொகையை, மார்ச் 31-க்குள் கொடுத்து முடிக்காவிட்டால், வாங்கிய நிறுவனம் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. அந்தத் தொகைக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டியிருக்கும்.

கோபமாக ஒன்றும் எழுதவில்லை. உத்யம் சான்றிதழ் நகல், முத்திரையிட்ட சலான் நகல், பில் எண்கள், நாள்களின் கணக்கு, இவற்றோடு அரைப்பக்கக் கடிதம். 'தங்கள் ஆண்டுக் கணக்கு முடிக்க உதவியாக இருக்கும் என்று இத்துடன் இணைத்துள்ளேன்' என்று எழுதி, கொள்முதல் பிரிவுக்கு அனுப்பாமல் நேராக நிதித்துறைத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் போட்டேன். மார்ச் 11-ம் தேதி அனுப்பினேன். மார்ச் 19-ம் தேதி காலை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டிக்காகக் காத்திருக்கும்போது வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. வட்டியைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் அவர்களுக்கே அடுத்த விலைப்புள்ளி போட்டேன், சட்டப்படி 45 நாள் என்பதை இந்த முறை முதல் வரியிலேயே எழுதி.